மூன்று காதலும் ஒரே இடத்தில் முறிந்தால்: தனியாகப் போவதா, ஜோடியாகப் போவதா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய நோட்டு ஒன்றை எடுத்து ஒரு வேலை செய்தேன். அதுவரை எனக்கு முறிந்திருந்த மூன்று உறவுகளிலும் கடைசியாக நடந்த சண்டையை, பெயர் போடாமல், யார் என்ன சொன்னோம் என்று மட்டும் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் மூன்றும் ஒரே சண்டை. மெசேஜ் போட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. வீம்புக்கு நானும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து "என்ன ஆச்சு?" என்று கேட்டவளிடம் "ஒண்ணுமில்ல" என்றேன். அப்புறம் ஒரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்துக்கு வெடித்தேன். மூன்று பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு சுபாவம். மாறாமல் இருந்தது நான் மட்டும்தான்.

தெரபிக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களிடம் இந்த நோட்டு வேலையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். எங்கே போவது என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் சண்டை மாறினால், சிக்கல் இந்தக் குறிப்பிட்ட இரண்டு பேருக்கு நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆள் மாறியும் சண்டை மாறவில்லை என்றால், அதை நீங்கள்தான் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். சண்டை வரைக்குமே போகாதவர்களும் இருக்கிறார்கள். பிடித்தவரிடம் ஒரு வார்த்தை பேச வாய் வராது, ஆப்பில் மேட்ச் ஆனாலும் நேரில் பார்க்கும் நாளில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். அவர்களுக்கான வழி வேறு, பின்னால் வருகிறேன்.

நான் மனநலத் துறைக்காரன் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நண்பன், ஜோடி கவுன்சிலிங், டாக்டர், தனித் தெரபி என்று நாலு வாசலையும் மிதித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். செலவுக் கணக்கும் வரும், அது தொழில் பழக்கம்.

டீக்கடைத் தெரபி

எல்லாரும் முதலில் போகும் இடம் நண்பன்தான். செலவு இரண்டு டீ, ஒரு பிளேட் பஜ்ஜி. நம்முடைய அகத்திணை மரபிலேயே தலைவனுக்குப் பாங்கன் என்று ஒருவன் உண்டு. அவன் வேலை தட்டிக்கொடுப்பது கிடையாது. "ஒரு பெண்ணுக்காக நீ இப்படி உருகலாமா?" என்று இடித்துரைப்பான். அதற்குப் பெயர் கழறல். "அவளைப் பார்த்திருந்தால் நீ இப்படிப் பேசமாட்டாய்" என்கிற மாதிரி தலைவன் திருப்பிச் சொல்வது கழற்றெதிர்மறை. அப்படி முகத்துக்கு நேரே கேட்கும் நண்பன் உங்களுக்கு இருந்தால் கொடுத்துவைத்தவர். என் நண்பன் சொன்னது: "விடு மாப்ள, உன் அருமை அவளுக்குத் தெரியல." மூன்று முறையும் இதையேதான் சொன்னான். எனக்கு இதமாக இருந்தது, ஆனால் அவன் என் தரப்பு வக்கீலாகத்தான் இருந்தான். வக்கீல் கட்சிக்காரனைக் குறுக்கு விசாரணை செய்யமாட்டான். இன்னொரு சங்கடமும் உண்டு. அவளைப் பற்றிக் கன்னாபின்னாவென்று அவனிடம் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் நாங்கள் சமாதானமாகிவிட்டால் மூன்று பேருமே முழிக்க வேண்டியிருக்கும்.

அக்காவிடம் சொன்னபோது, "ஜாதகத்தை அனுப்பு தம்பி, ஏழாம் இடத்தைப் பார்க்கச் சொல்றேன்" என்றாள். பாசத்தில் குறையில்லை.

டேட்டிங் கோச், ரிலேஷன்ஷிப் கோச் என்று ரீல்ஸில் வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை மணி நேரம் கழித்துப் பதில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். என் நோயே அதுதான். ஏ.ஐ. சாட்டுகளையும் இதே வரிசையில் வைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் வரும், கோபமே படாது. ஆனால் நான் தட்டும் கதையை மட்டும் வைத்துத்தான் பேசும், அந்தக் கதையில் நான் எப்போதும் நல்லவன்.

ஜோடியாகப் போனால்

ஜோடித் தெரபியில் வாடிக்கையாளர் நீங்களும் இல்லை, அவரும் இல்லை, உங்கள் உறவுதான். அதனால் நல்ல தெரபிஸ்ட் யார் பக்கமும் சாயமாட்டார். 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் உருவாக்கிய உணர்ச்சி மையத் தெரபி இதில் பெயர் பெற்றது. ஒருவர் துரத்துவார், இன்னொருவர் விலகுவார். விலக விலகத் துரத்துவார், துரத்தத் துரத்த விலகுவார். இந்தச் செக்குமாட்டு வட்டத்தைத்தான் அது முதலில் இருவர் கண்ணிலும் காட்டுகிறது. "எதிரி அவள் இல்லை, இந்தச் சுற்றுதான்" என்று புரிவதற்கே சில செஷன்கள் ஆகும். பொதுவாக 8 முதல் 20 செஷன் வரை போகும்.

தனித் தெரபிக்குக் கிடைக்காத ஒரு வசதி இதில் இருக்கிறது: சண்டை தெரபிஸ்ட்டின் கண் முன்னாலேயே நடக்கும். நீங்கள் அவளைப் பேசவிடாமல் எந்த வார்த்தையில் குறுக்கே விழுகிறீர்கள், அவள் எந்த நொடியில் முகத்தைத் திருப்புகிறாள் என்பதை அவர் நேரில் பார்த்துவிடுவார். தனியாகப் போய் நான் எத்தனை மணி நேரம் சொன்னாலும் இது வராது. என் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று எனக்கே தெரியாதே.

ஆனால் இரண்டு பேரும் மனதார வர வேண்டும். ஒருவர் ஏற்கெனவே வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "நானும் முயற்சி பண்ணினேன்" என்று ஊருக்குச் சொல்வதற்காக வந்தால் பணம் வீண். நம் ஊரில் கல்யாணமாகாத ஜோடிக்கு இன்னொரு தடையும் உண்டு. என் இரண்டாவது உறவில் நாங்கள் ஓர் ஆலோசனை மையத்துக்குப் போனோம். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்காது, "வீட்ல சொல்லிட்டீங்களா? எப்போ கல்யாணம்?" என்று கேட்டார் அந்த அம்மா. என்ன சிக்கல் என்றே இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்தோம், அவள் சிரித்தாள், அந்த ஒரு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் திரும்பப் போகவில்லை. இப்போது யோசித்தால் வேறு ஓர் ஆளைத் தேடியிருக்க வேண்டும். கவுன்சிலிங் சரியில்லை என்று முடிவுகட்டியது அவசரம். ஒரு ஹோட்டலில் சாம்பார் கெட்டிருந்தது என்பதற்காகச் சாம்பாரே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அமைந்த நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் விஷயம் வழக்காகியிருக்கும். காதலிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு பயன்படாது.

ஒரு சூழ்நிலையில் மட்டும் ஜோடியாகப் போகவே கூடாது. அடி, மிரட்டல், போனைப் பிடுங்கிப் பார்ப்பது, வெளியே போகவிடாமல் தடுப்பது என்று இருந்தால், அந்த அறையில் உண்மையைச் சொன்னவருக்கு வீட்டில் தண்டனை காத்திருக்கும். அப்போது பாதிக்கப்பட்டவர் தனியாகப் போக வேண்டும், அதற்கும் முன்னால் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் தாலி கட்டியவர்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். பெண்களுக்கான உதவி எண் 181. வீட்டார் சாதியைச் சொல்லி மிரட்டுகிற காதலும் இப்படித்தான். அதைத் தெரபி அறையில் தீர்க்க முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு அமைத்து இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. உயிர்ப் பயம் இருக்கும்போது 'நம் தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்' என்று ஒருவர் உட்கார்ந்து பேசுவது கேலிக்கூத்து.

மாத்திரை எப்போது

பிரேக்அப் ஆகி இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆபீஸில் ஒரு மெயிலைக்கூடப் படித்து முடிக்க முடியவில்லை என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் நியாயம். தெரபி பிறகு வரட்டும். காலில் எலும்பு முறிந்தவனுக்கு நடைப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. "இவர்தான் எனக்குச் சரியானவரா?" என்ற கேள்வி ஒரு நாளைக்கு நூறு முறை வந்து, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருக்கிறவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது காதலில் உள்ள சந்தேகமாக இல்லாமல் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

மாத்திரை உறவைச் சரிசெய்யாது. சரிசெய்ய உட்காரும் அளவுக்கு உங்களைத் தேற்றும். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும், மூன்றாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்தக் கூடாது. அவை பலருக்குக் காம ஆசையைக் குறைக்கும். உறவுச் சிக்கலுக்காகவே போகிறவர் இதை முதலிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டால் ஆறு வாரம் கழித்துப் புதிதாக ஒரு சண்டை முளைக்கும்.

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கீழ்ப்பாக்கம் என்றால் நம் ஊர்க் காமெடியில் கெட்ட வார்த்தை மாதிரி. ஆனால் 1794இல் தொடங்கிய அந்த அரசு மனநல நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில் தூக்கம் வராத ஆபீஸ்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குறை என்னவென்றால் கூட்டம். டாக்டருக்கு உங்கள் கதையை முழுக்கக் கேட்க நேரமிருக்காது.

உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒப்பீடு எதுவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.

தனியாகப் போனால்

கடைசியில் நான் தங்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தனித் தெரபி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே போனால் பல கடைகள் இருக்கின்றன. எதில் நுழைகிறோம் என்று தெரியாமலேயே பலர் நுழைந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

முதலில் போனது சி.பி.டி., அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த முறை. நினைப்புக்கும் உணர்ச்சிக்கும் செயலுக்கும் உள்ள சங்கிலியைப் பிடிப்பதுதான் இதன் வேலை. எனக்கு இது கணக்குப் பேரேடு மாதிரி இருந்ததால் ஒட்டிக்கொண்டது. ஒரு பத்தியில் நடந்தது: ப்ளூ டிக், பதில் இல்லை, இரண்டு மணி நேரம். அடுத்ததில் மனதில் ஓடியது: "என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கல." அடுத்தது உணர்ச்சி, அதற்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண். அடுத்தது நான் செய்தது. கடைசிப் பத்தி, வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம். முதல் வாரம் அந்தக் கடைசிப் பத்தியில் எதுவும் எழுத வரவில்லை. மூன்றாவது வாரம் "மீட்டிங்", "பஸ்ஸில் நிற்கிறாள்", "என்ன பதில் போடுவது என்று யோசிக்கிறாள்" என்று மூன்று வந்தன. வாழ்க்கை மாறிவிடவில்லை, ஆனால் வெடிப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் கிடைத்தது.

பேசவே முடியாத கூச்சக்காரர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995இல் வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கூச்சப்படுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று சில காரியங்கள் செய்வார்: சொல்லப்போகும் வாக்கியத்தை மனதில் ஒத்திகை பார்ப்பார், போனையே பார்ப்பார், கை நடுங்குவது தெரியக் கூடாது என்று காபி டம்ளரை எடுக்கவே மாட்டார். இந்தக் காப்புகள்தான் எதிரில் இருப்பவருக்கு "இவனுக்கு என்னிடம் ஆர்வமில்லை" என்று தோன்ற வைக்கின்றன. தெரபியில் இவற்றை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த முறைக்கு 14 செஷன் வரை, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று இருக்கிறது. நான் விசாரித்த இடங்களில் எல்லாம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்தான்.

அடுத்தது பற்றுறவுக் கோட்பாடு, அதாவது அட்டாச்மென்ட். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பியும் மேரி ஐன்ஸ்வொர்த்தும் செய்த வேலையை 1987இல் சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த விதம் சுவாரசியமானது. டென்வர் நகரத்தின் ராக்கி மவுண்டன் நியூஸ் பத்திரிகையில் ஒரு காதல் வினாடி வினா போட்டார்கள். மூன்று பத்தி கொடுத்து, எது உங்களைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 620 பதில்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 56 சதவீதம் பேர், நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பதாகச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் யாராவது நெருங்கினால் விலகுகிறவர்கள். 19 சதவீதம் பேர் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று தவிக்கிறவர்கள். இன்று இது இன்ஸ்டாகிராமில் ராசி பலன் ஆகிவிட்டது. "நான் ஆங்ஷியஸ், அவன் அவாய்டன்ட், எங்களுக்கு ஒத்துவராது" என்று பொருத்தம் பார்க்கிறார்கள். ஆளை மூன்று டப்பாவில் அடைக்க முடியாது என்று ஆய்வாளர்களே பிறகு அளவுகோலாக மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஆள் ஒருவரிடம் நிம்மதியாகவும் இன்னொருவரிடம் தவிப்பாகவும் இருக்கலாம். இதை வைத்து உங்களுக்கு முத்திரை குத்திவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும் தெரபிஸ்ட்டிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

பிரிவுத் துயரத்தில் இருக்கிறவர்களுக்கு ஐ.பி.டி. (ஆளுக்கு ஆள் உறவை மையமாக வைக்கும் தெரபி) என்ற முறையைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். ஜெரால்ட் கிளர்மனும் மிர்னா வைஸ்மனும் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, 12 முதல் 16 வாரம். இழப்பு, உறவுத் தகராறு, வாழ்க்கைப் பாத்திரம் மாறுவது, ஆட்களோடு பழக வராதது என்று நாலு முனைகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்யும். நம் ஊரில் இதில் பயிற்சி பெற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சி.பி.டி. முடிந்து ஆறு மாதத்தில் எனக்குப் பழைய குருடி கதவைத் திறடி. அப்போதுதான் ஆழ உளவியல் வழியில் வேலை செய்யும் ஒருவரிடம் போனேன். பேரேடு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. முதல் இரண்டு மாதம் எதற்குப் போகிறேன் என்றே புரியவில்லை. பிறகு ஒரு நாள் அவர் வியாழக்கிழமை செஷனை மாற்ற வேண்டும் என்று மெசேஜ் போட்டார். வேறு எந்த நாள் என்று கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது. மாலை வரை பதில் இல்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை, சொல்லவுமில்லை. அதற்கடுத்த வாரம் போய் உட்கார்ந்ததும் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல வேலை" என்றேன். சொல்லி முடித்த நொடியில் எனக்கே காது சுட்டது. அவர் சிரிக்கவில்லை. "இப்ப நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல நடந்ததைப் பார்க்கலாமா?" என்றார்.

தனித் தெரபியைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உறவில் நான் செய்வதை நான் அங்கே விவரித்துக்கொண்டிருக்கவில்லை. அவரிடமே செய்தேன். மற்ற மூன்று பேரும் அதற்காகக் காயப்பட்டார்கள், கோபப்பட்டார்கள், கிளம்பிப் போனார்கள். இவர் கிளம்பவுமில்லை, சமாதானப்படுத்தவுமில்லை. அந்த மணி நேரம் முழுக்க நாங்கள் பேசியது, பதில் வராத அந்த மாலையில் நான் எத்தனை வயதுப் பையனாக இருந்தேன் என்பதைத்தான். அப்பா வெளியூர் வேலையிலிருந்து சனிக்கிழமை வருவார் என்று பஸ் ஸ்டாண்டில் நின்ற கதை அன்றுதான் முதல் தடவை என் வாயில் வந்தது. நண்பனிடமோ ஜோடித் தெரபியிலோ இது நடந்திருக்காது. அங்கெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் என்னிடமிருந்து ஏதோ வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். தனித் தெரபியில் தெரபிஸ்ட் ஒரு தரப்பைத்தான் கேட்கிறார். நீங்கள் சொல்லும் 'அவள்' உங்கள் வாய்வழி வந்த அவள். கெட்டிக்கார ஆள் அங்கே போய்த் தன் தரப்பை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டு வந்துவிடலாம். 'டாக்சிக்', 'பவுண்டரி', 'கேஸ்லைட்டிங்' என்று புதுப்புது ஆயுதங்களோடு வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "அவங்க இப்ப இந்த நாற்காலியில இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்று அடிக்கடி கேட்கிற தெரபிஸ்ட்தான் நல்லவர். இன்னொன்று, இப்போது ஒருவரோடு உறவில் இருக்கும்போதே தனியாகப் போனால், நீங்கள் மாறுவது அவருக்குப் பிடிக்காமலும் போகலாம். வீம்பு பிடித்தவனைச் சமாளிக்கப் பழகியவளுக்கு, திடீரென்று "எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று நேராகச் சொல்கிறவனைப் பார்த்தால் பயமாகக்கூட இருக்கும். ஒரே தெரபிஸ்ட்டிடம் தனியாகவும் ஜோடியாகவும் போவதை முடிந்தவரை தவிருங்கள், அவர் யார் ரகசியத்தைக் காப்பாற்றுவார்?

யாரிடம், எந்த மொழியில், எங்கே உட்கார்ந்து

முறையைவிட ஆள் முக்கியம் என்பது என் கட்சி. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சொன்னபடி தெரபிஸ்ட்டோடு உள்ள கூட்டணிக்கு மூன்று கால்கள்: பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்ற உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற உடன்பாடு. முதல் காலை மட்டும் பார்த்து ஆளைப் பிடித்துவிடுகிறோம். "ரொம்ப நல்லவங்க, நல்லாப் பேசறாங்க" என்பார்கள். சரி, எட்டு மாதமாக எதற்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

படிப்பைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பல வருடங்களாக அவருக்கான வழக்கமான படிப்பு இரண்டு வருட எம்.ஃபில்., ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்கும், அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கவுன்சிலர் என்ற போர்டை நடைமுறையில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல கவுன்சிலர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் சலிக்க வேண்டியது நீங்கள். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று முதல் போனிலேயே கேளுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில்.

தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "இதை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா?" ஆம் என்றால் எழுந்து வந்துவிடலாம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் அப்படி மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை சொன்னார். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார் என்பது, தெரபிக்குப் போகக் கூச்சப்படும் எவருக்கும் நான் சொல்லும் கதை.

மொழி விஷயத்தை யாரும் ஒப்பிட்டுச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, எனக்கோ அதுதான் பெரிய வித்தியாசமாக இருந்தது. முதல் தெரபிஸ்ட்டிடம் ஆங்கிலத்தில் பேசினேன். ஆபீஸ் பழக்கம். ஆங்கிலத்தில் நான் எப்போதும் 'ஹர்ட்' ஆனேன், 'அப்செட்' ஆனேன். கொஞ்சம் பளபளப்பான, நாகரிகமான வருத்தம். தமிழுக்கு மாறியபோது எனக்கு வந்தது ரோஷம், சடைவு, வீம்பு, ஏக்கம். நாலும் வேறு வேறு. சடைத்துக்கொள்கிறவனுக்கு யாராவது வந்து சமாதானம் சொல்வார்கள் என்ற நம்பிக்கை உள்ளே இருக்கும். ரோஷக்காரனுக்கு அது கிடையாது. நான் ரோஷக்காரன் என்று நினைத்திருந்தேன், சடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்பது தமிழில் பேசியதால் தெரிந்தது. எதிர்மாறாகவும் சிலருக்கு இருக்கும். உடலுறவு பற்றிய சிக்கலைத் தமிழில் சொல்ல வாய் கூசும், ஆங்கிலத்தில் வந்துவிடும். இரண்டிலும் மாறி மாறிப் பேசவிடுகிறவராகப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

ஆன்லைனா நேரிலா என்பது நம் வீடுகளின் சுவரைப் பொறுத்தது. இரண்டு ரூம் வீட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, காதல் தோல்வியைப் பற்றி எப்படிப் பேசுவது? நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு செஷன் முடித்தேன், ஒன்பதாவதில் மாடி வீட்டு மாமா துணி எடுக்க வந்துவிட்டார். பூட்டிக்கொள்ள ஓர் அறையோ கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க ஒரு காரோ இருந்தால் ஆன்லைன் போதும். சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் அதுதான். தெரபிஸ்ட்டின் மச்சினர் உங்கள் தெருவில் இருக்கும் ஊரில் நேரில் போவது எப்படி? வாசலில் செருப்பைப் பார்த்தே ஊர் பேசும். சட்டப்படி 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அப்பா அம்மா போன் பண்ணிக் கேட்டால் சொல்வீர்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வயது முப்பதானாலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

கணக்கு

சென்னையில் நான் விசாரித்தவரை தனிச் செஷனுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு வரை கேட்கிறார்கள், ஜோடிக்கு அதைவிட அதிகம். சராசரி 1,500 என்று வைத்துக்கொண்டால் 12 செஷன் சி.பி.டி.க்கு 18,000 ரூபாய். வாரம் ஒரு தடவை ஒரு வருடம் போகும் ஆழத் தெரபிக்கு, லீவெல்லாம் கழித்து 45 செஷன், 67,500. ஜோடிச் செஷன் 2,500 என்றால் பத்துக்கு 25,000, இரண்டாகப் பிரித்தால் தலைக்கு 12,500, பிரித்துக்கொள்ளும் அளவுக்கு உறவு நன்றாக இருந்தால். சம்பளம் குறைவு என்று சொன்னால் கட்டணத்தைக் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் கேட்டேன், 1,500 ரூபாய் ஆயிரமாகக் குறைந்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, ஆனால் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும். பிரேக்அப்புக்கு வாராவாரம் போவதை நம் பாக்கெட்டிலிருந்துதான் கட்ட வேண்டும். சில கம்பெனிகள் ஊழியர்களுக்குச் சில செஷன்கள் இலவசமாகத் தருகின்றன, எச்.ஆர். அனுப்பிய, நீங்கள் படிக்காமல் விட்ட மெயிலைத் தேடிப் பாருங்கள்.

எனக்கு 18,000 போட்டபோது கை நடுங்கியது. மூன்றாவது உறவு முறிந்த மாதத்தில் நான் வாங்கித் திருப்பிக்கொடுக்காமல் வைத்திருக்கும் ஸ்மார்ட் வாட்சின் விலை கிட்டத்தட்ட அதே தொகை என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

கையில் 18,000 மட்டுமே இருந்து, சண்டை திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தால், நான் சி.பி.டி.யில் தொடங்குவேன். நாலாவது செஷன் முடிவில் "நாம எதுக்காக வேலை செய்யறோம், நிறுத்தலாம்னு எப்படித் தெரியும்?" என்று தெரபிஸ்ட்டிடம் கேட்பேன். இப்போது கூட இருப்பவரோடு மட்டும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை என்றால் ஜோடியாகப் போவேன். அவர் வரமாட்டேன் என்றால் தனியாகப் போவேன், ஆனால் அவரைத் திருத்துவதற்கு வழி கேட்கமாட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அதில் நாலாவதாக ஒரு சண்டையை எழுதினேன். ப்ளூ டிக், பதில் இல்லை, நாலு மணி நேரம். "ஒண்ணுமில்ல" என்று தட்டி, அழித்துவிட்டு, "எனக்குச் சடைவா இருக்கு" என்று அனுப்பினேன். அவள் தெலுங்குக்காரி. சடைவு என்றால் என்ன என்று கேட்டுப் போன் பண்ணினாள்.